உடுப்பு மட்டும் கெடக்கும்னு பைபிள்ல எங்க இருக்கு? கிறிஸ்தவ நாவல்களை எவ்வளவு தூரம் நம்பலாம்

டிக்கோயா தம்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க. ரெண்டு வாரமா மனசுல கெடந்து அரிக்குது.

எங்க அம்மா தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க. அன்னைக்கு அந்தி நிறுவை முடிஞ்சு லேட்டாத்தான் லயத்து வரிசை வீட்டுக்கு வந்திருக்காங்க, நல்ல மூடுபனி, முன்னால போற ஆள் தெரியாது. மேட்டு லயத்துக்கு வந்து பாத்தா ஒரு காம்பரா விடாம கதவு எல்லாம் தெறந்து கெடக்கு, பக்கத்து வீட்டு ரேடியோ பாடுது, அடுப்புல தேத்தண்ணி கொதிக்குது, பீலியில தண்ணி குடத்துல நெறம்பி வழியுது, ஆனா ஆள் ஒருத்தர் இல்ல. புள்ளைங்க கூட இல்ல. நான் டவுன்ல இருந்து வந்து பாக்குறப்போ அம்மா இஸ்தோப்புல உக்காந்திருக்காங்க, கூடைக் கயிறு இன்னும் தலையில, கொங்காணியைக் கூட கழட்டல, கை ரெண்டும் நடுங்குது. "ஏசப்பா வந்துட்டு போயிட்டாருடா, என்னை விட்டுட்டாரு, நீயும் நின்னுட்டியாடா"ன்னு என்னைப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை.

நடந்தது என்னான்னா பணிய மலையில ஏழு பேருக்கு குளவி கொட்டிடுச்சு. லொறியில ஆஸ்பத்திரிக்கு ஏத்துறாங்கன்னு கேட்டு மொத்த லயமும் ரோட்டுக்கு ஓடியிருக்கு. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா அம்மாவுக்கு அந்தப் பயம் எங்க இருந்து வந்துச்சு? வட்ஸ்அப்ல யாரோ ஒருத்தர் ஒரு கதையைத் துண்டு துண்டா ஒடியோவுல சொல்லி அனுப்பியிருக்காங்க. ஏசப்பா இரகசியமா வந்து விசுவாசிகளை மட்டும் பரலோகத்துக்கு எடுத்துக்கிட்டு போயிடுறாரு, விமானம் பறந்துக்கிட்டு இருக்கு, நடு ராத்திரி, பாதிப் பேர் காணாமப் போயிட்டாங்க, அவங்க உடுப்பு மட்டும் சீட்டுல கெடக்கு. அம்மா அதை மூணு நாலு தடவை கேட்டிருக்காங்க. நான் சொன்னேன் அம்மா அது கதைம்மான்னு. அதுக்கு அம்மா கேட்டது, "என்னடா கதைங்குற, உடுப்பு மட்டும் கெடக்கும்னு பைபிள்லதானேடா இருக்கு?"

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் கதை எனக்குத் தெரியும். நான் கொழும்புல கடையில நிக்கிறப்போ மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில வாங்கி முதல் பாகம் வாசிச்சேன். 1995ல அமெரிக்காவுல டிம் லாஹேங்கிற பாஸ்டரும் ஜெரி ஜென்கின்ஸ்ங்கிற எழுத்தாளரும் சேர்ந்து ஆரம்பிச்ச 'லெஃப்ட் பிஹைண்ட்' தொடர், மொத்தம் 16 புத்தகம், ஆறு கோடிக்கு மேல வித்துச்சு. விறுவிறுப்பா இருக்கும், கீழ வைக்க மனசு வராது, நானும் ஒரே ராத்திரியில முடிச்சவன்தான். ஆனா அது நாவல். எங்க அம்மாவுக்கு அது வேத வசனமாகிப் போச்சு. அம்மா ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவங்க, பைபிள் சின்ன எழுத்து கண்ணுக்குப் புடிபடாது, காதுல விழுறதுதான் அவங்களுக்கு வேதம்.

கேக்குறேன், நம்ம ஆட்கள் இப்படிப்பட்ட கதைகளை ஆவிக்குரிய சத்தியம்னு எடுத்துக்கலாமா? எடுத்துக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு நாம அதை வாசிக்கிறோம், சபையில போட்டுக் காட்டுறோம்? யாரையும் குறை சொல்ல இல்ல, உண்மையா பதில் தெரியணும்.


வசனம் மட்டும்:

பிரதர், பதில் வேதத்துலயே இருக்கு. 2 தீமோத்தேயு 4:4, "சத்தியத்துக்குச் செவியை விலக்கி, கட்டுக்கதைகளுக்குச் சாய்ந்துபோகுங்காலம் வரும்." இதுக்கு மேல என்ன விவாதம். 66 புத்தகம் குடுத்திருக்காரு, அதை முழுசா வாசிச்சவங்க எங்க சபையில விரல் விட்டு எண்ணலாம். அதை வாசிக்க நேரமில்ல, நாவல் வாசிக்க நேரம் இருக்கு. உங்க அம்மாவுக்கு நடந்தது அதோட கனிதான். எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க.


நோர்வூட் சிஸ்டர்:

தம்பி அம்மாவைப் பத்தி வாசிச்சு கண்ணு கலங்கிருச்சு, அவங்களுக்காக ஜெபிக்கிறேன். ஆனா ஒரு சாட்சி சொல்லணும். இதே கதையோட படத்தை எங்க சபை ஹோல்ல புரொஜெக்டர் வச்சு போட்டாங்க. எங்க அண்ணன் கசிப்புக்கு அடிமை, நாட்சம்பளம் வாங்குன அன்னைக்கே முடிஞ்சிரும், அண்ணி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு தாய் வீட்டுக்கே போயிட்டாங்க. அன்னைக்கு என்னமோ மழைக்கு ஒதுங்குன மாதிரி வந்து பின்னால நின்னவன், படம் முடியுறப்போ தரையில முழங்கால் போட்டு கெடந்தான். நான் என் கண்ணால பாத்தேன். அன்னையில இருந்து குடிக்கல, இப்ப வரைக்கும் குடிக்கல. பயத்துலதான் விட்டான், இல்லைங்கல, ஆனா விட்டான்ல? அண்ணி திரும்பி வந்தாங்கல்ல? கதையா இருந்தா என்ன, கர்த்தர் எதையும் பயன்படுத்துவாரு. எடுத்துக்கொள்ளப்படுதல் எங்க சபையோட விசுவாசம், அது நாவல்காரர் கண்டுபிடிச்சது இல்ல, 1 தெசலோனிக்கேயர் 4ல இருக்கு.


டிக்கோயா தம்பி:

அக்கா உங்க அண்ணன் விஷயம் வாசிச்சு உண்மையா சந்தோஷம். அதை நான் கொறச்சு சொல்லவே மாட்டேன். ஒரு வீடு திரும்ப அடுப்பு மூட்டுறதுன்னா அது சின்ன விஷயமா?

ஆனா நீங்க சொன்ன அதே அதிகாரத்தை நேத்து ராத்திரி உக்காந்து வாசிச்சேன். 17ஆம் வசனத்துல ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டுன்னு இருக்கு, சரி. ஆனா விமானத்துல விட்ட உடுப்பு, பின்னால விடப்பட்ட பைலட், ஏழு வருஷக் கதையோட நாள் கணக்கு, இதெல்லாம் அங்க இல்ல. எல்லாத்துக்கும் மேல 18ஆம் வசனம் பாருங்க, "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." செத்துப்போன சொந்தக்காரங்களை நெனச்சு அழுதுக்கிட்டு இருந்த ஆட்களுக்கு பவுல் ஆறுதலுக்கு எழுதுன காயிதம் அது. அதே வார்த்தையை வச்சு எழுதுன கதை எங்க அம்மாவைக் கூடையைக் கூட எறக்காம அழ வச்சிருச்சு. தேத்துறதுக்கு குடுத்தது எப்படிக்கா நடுங்க வைக்கிறதுக்குப் போச்சு? இதுதான் எனக்கு வெளங்கல.


பழைய டீச்சர் பதுளை:

மகன், உங்க கேள்வி நல்ல கேள்வி. நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்துல தமிழும் கிறிஸ்தவமும் படிச்சுக் குடுத்தவ, மெதடிஸ்த சபை. கொஞ்சம் பழங்கதை சொல்லுறேன்.

வசனம் மட்டும் தம்பி எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லுறீங்க. தாவீது ராசா அடுத்தவன் பொண்டாட்டி பத்சேபாளை எடுத்துக்கிட்டு பாவம் செஞ்சப்போ கர்த்தர் நாத்தான் தீர்க்கதரிசியை அனுப்புறாரு. நாத்தான் போய் வசனம் சொல்லல. ஒரு கதை சொன்னாரு. பணக்காரன் ஒருத்தன், ஏழை ஒருத்தன், ஏழைகிட்ட ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அவன் மடியில தூங்கி அவன் கிண்ணத்துல குடிச்சு வளந்தது, அதைப் பணக்காரன் புடுங்கி விருந்துக்கு சமைச்சுட்டான். தாவீதுக்கு கோவம் தலைக்கேறி அவன் சாகணும்னு கத்துன பிறகுதான் "நீயே அந்த மனுஷன்"னு சொல்லுறாரு. நேரா சொல்லியிருந்தா ராசா வாசல்லயே நிறுத்தியிருப்பாரு. கதைதான் காவல்காரனைத் தாண்டி உள்ள போச்சு. நம்ம ஆண்டவரும் அப்படித்தான பேசினாரு, நல்ல சமாரியன்னு ஒருத்தன் எரிகோ ரோட்டுல நடந்தானான்னு யாரும் பதிவு தேடுறது இல்லையே.

ரெண்டாவது, நம்ம மலைநாட்டுக்கே வருவோம். கோப்பிக் காலத்துல, 1854ல, தோட்டத்து ஆட்களுக்குன்னு தமிழ்க் கூலி மிஷன் ஆரம்பிச்சாங்க. பேரைக் கேட்டாலே மனசு வலிக்கும், அப்போ நம்மளை அப்படித்தான் கூப்பிட்டாங்க. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து உபதேசியார்மார் வந்து லயம் லயமா நடந்தாங்க. எழுத்தறியாத சனத்துக்கு அவங்க சொன்னது கதையாவும் பாட்டாவும்தான் போய்ச் சேர்ந்திருக்கும். எங்க பாட்டிக்கு ஒரு எழுத்து தெரியாது, ஆனா மோட்ச பிரயாணம் முழுசும் தெரியும். முதுகுல பாவ மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் போவான், சிலுவைகிட்ட வந்த உடனே அது கழண்டு உருண்டு போயிரும். பாட்டி அதைச் சொல்லுறப்போ தன் முதுகை அப்படியே நிமித்துவா. கொழுந்துக் கூடையை எறக்கி வச்ச மாதிரி. அந்தச் சித்திரம் இன்னும் என் கண்ணுல நிக்குது.

அதை எழுதுன ஜான் பன்யன் பிரசங்கம் பண்ணுனதுக்காக பன்னெண்டு வருஷம் ஜெயில்ல கெடந்தவரு, புத்தகம் வந்தது 1678ல. அதையே நம்ம தமிழ்ல காப்பியமாப் பாடினாரு திருநெல்வேலி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, வைணவக் குடும்பத்துல பொறந்து 1858ல ஞானஸ்நானம் எடுத்தவரு. இரட்சணிய யாத்திரிகம், 1894. அவரைக் கிறிஸ்தவக் கம்பர்னு சொல்லுவாங்க. அதுவும் கற்பனைதான். அதைத் தூக்கிப் போடச் சொல்லுவீங்களா தம்பி?


வசனம் மட்டும்:

டீச்சர் உங்க மேல மரியாதை உண்டு, ஆனா நாத்தான் தீர்க்கதரிசி, அவரைக் கர்த்தர் அனுப்பினாரு. ஏசப்பா தேவகுமாரன். அவங்க கதை சொல்லலாம். இப்ப நாவல் எழுதுறவங்களை யார் அனுப்பினது? புத்தகம் வித்தா காசு, படம் எடுத்தா அதைவிட காசு.


பழைய டீச்சர் பதுளை:

நியாயமான கேள்வி தம்பி, அதை நான் ஒத்துக்குறேன். அதுதான் வித்தியாசமே. நாத்தான் கதையைக் கதையாச் சொல்லிட்டு பிறகு கர்த்தர் சொல்லுறது இதுதான்னு தனியா சொன்னாரு. பன்யனோட புத்தகத்துல ஆட்களுக்குப் பேரே கிறிஸ்தியான், நயவசனன்னு இருக்கும், ஓரத்துல வேத வசனம் குறிச்சிருப்பாரு, இது சித்திரம் போய் அங்க பாருன்னு ஒவ்வொரு பக்கமும் கையைக் காட்டும். யாரும் அதை வாசிச்சுட்டு நம்பிக்கையிழவு சேறு எந்த ஊர்ல இருக்குன்னு தேட மாட்டாங்க. இப்ப வர்ற நாவல்கள்ல சிலது அப்படி இல்ல. நாளைக்கு பேப்பர்ல வரப்போற செய்தி மாதிரி எழுதியிருக்கு. கேக்குற சனம் எது சித்திரம் எது வசனம்னு பிரிக்கிற எடமே அதுல இல்ல.

தம்பியோட அம்மா விஷயத்துல இன்னொண்ணு. இரகசிய வருகை ஒண்ணு, அதுக்கு பிறகு ஏழு வருஷம், பிறகு பகிரங்க வருகை ஒண்ணு, இப்படி வரிசையாப் பிரிச்சு படிப்பிச்சது 1830கள்ல டார்பிங்கிற ஒருத்தரால பரவுச்சு, 1909ல வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமத்தால ஊர் ஊராப் போச்சு. நோர்வூட் மகளோட சபை அதை விசுவாசிக்குது, நான் அதை மதிக்கிறேன், வேதம் தெரிஞ்ச நல்ல பெரியவங்க அந்தப் பக்கமும் இருக்காங்க. ஆனா ஆண்டவர் திரும்ப வருவாருன்னு எல்லாச் சபையும் அறிக்கை பண்ணுது, அந்த வரிசையை எல்லாச் சபையும் ஒத்துக்கல. நாவல் வாசிக்கிறவங்களுக்கு இது யாரும் சொல்லுறது இல்ல.


பொகவந்தலாவ வாசகி:

நான் கத்தோலிக்கம், இதுல கதைக்கலாம்தானே? எனக்கு இது தலைகீழா நடந்துச்சு.

2006ல நான் பேராதனை கெம்பஸ்ல முதலாம் வருஷம். 'டாவின்சி கோட்' படத்தை ஆயர்மார் கேட்டுக்கிட்டதால இலங்கையில தடை பண்ணினாங்க, ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுலயும் தடை பண்ணி பிறகு ஹைகோர்ட் அதை எடுத்துவிட்டுச்சு. தடைன்னு கேட்ட உடனே ஹொஸ்டல்ல எல்லாருக்கும் அது வேணும். நாவல் ஃபோட்டோகொப்பி கை மாறி கை மாறி வந்துச்சு, அட்டை இல்ல, நடுவுல பத்துப் பக்கம் இல்ல. நான் போர்வைக்குள்ள டோர்ச் அடிச்சு வாசிச்சேன். முதல் பக்கத்துலயே உண்மைன்னு தலைப்புப் போட்டு, சீயோன் மடம்னு 1099ல ஆரம்பிச்ச இரகசியச் சங்கம் நெசமாவே இருக்குன்னு எழுதியிருக்கும். வேதத்துல எந்த புத்தகம் இருக்கணும்னு கொன்ஸ்டன்டைன் முடிவு பண்ணினாரு, ஏசு கடவுள்னு ஓட்டுப் போட்டு தீர்மானிச்சாங்க, அதுவும் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்துல. நான் அப்படியே நம்புனேன். ரெண்டு வருஷம் பூசைக்குப் போகல. அம்மாகிட்ட பரீட்சைன்னு பொய் சொன்னேன். அந்த ரெண்டு வருஷமும் எனக்குள்ள ஒரு குளிர் இருந்துச்சு, அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, வீட்டுல எல்லாரும் சேர்ந்து எனக்குப் பொய் சொல்லி வளத்துட்டாங்கங்கிற மாதிரி.

ஒரு பாதர்கிட்ட கேட்டேன், அந்தக் குப்பையை ஏன் வாசிச்சன்னு ஏசினாரு, அவ்வளவுதான். பிறகு ஒரு வயசான பாதர், கண்ணு சரியாத் தெரியாது அவருக்கு, மூணு அந்தி எனக்காக உக்காந்தாரு. அவர்தான் சொன்னாரு, அந்தச் சங்கத்தை பியர் பிளான்டார்ங்கிற ஒரு பிரெஞ்சுக்காரன் 1956ல பதிவு பண்ணினான், பழைய காகிதம் மாதிரி கள்ளமா செஞ்சு பாரிஸ் நூலகத்துல வச்சதெல்லாம் பிறகு வெளிய வந்துருச்சு. 325ல நிக்கேயாவுல ஆயர்கள் கூடுனது, ஏசு பிதாவுக்குச் சமம் இல்லன்னு ஆரியுஸ் சொன்ன உபதேசத்தைப் பத்திப் பேச, வேதப் புத்தகப் பட்டியல் போட இல்ல, கையெழுத்துப் போட மாட்டேன்னு கடைசி வரைக்கும் நின்ன ஆயர்கள் ரெண்டே ரெண்டு பேர். இன்னைக்கு நம்ம கையில இருக்குற புதிய ஏற்பாட்டுல உள்ள 27 புத்தகமும் அப்படியே ஒரு பட்டியல்ல வந்தது அத்தனாசியுஸ் 367ல எழுதுன பாஸ்கா காயிதத்துல. வேதத்துல சேராத பிலிப்பு நற்செய்தின்னு ஒண்ணுல அரமேயச் சொல்லு இப்படின்னு நாவல்ல ஒரு ஆள் வெளக்குவாரு, ஆனா கெடச்ச பிரதி கொப்டிக் மொழியில இருக்கு. இதையெல்லாம் அவர் கோவமே படாம சொன்னாரு. அவர் ஏசாம சொன்னதுதான் என்னைத் திருப்பிக் கொண்டாந்துச்சு.

அதனால எனக்குத் தோணுறது, தடை பண்ணுறதோ தூக்கிப் போடுறதோ வேலைக்கு ஆகாது. ஒளிச்சு வச்ச புத்தகத்துல இருக்குறது ஒளிச்சு வச்ச உண்மைன்னுதான் வாசிக்கிற ஆள் நெனப்பான்.


ஹப்புத்தளை மேகம்:

வழமையா நான் எழுதுறது இல்ல, வாசிச்சுட்டு போயிருவேன். இன்னைக்கு எழுதணும்னு இருக்கு.

எங்க மூத்தவன் ஆறு வயசுல டெங்குக் காய்ச்சல்ல போயிட்டான். நாலு நாள். அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் தேவசித்தம், தேவசித்தம்னாங்க. ஒருத்தர் பரலோகத்துல பூ தேவைப்பட்டுச்சுன்னாரு. நல்ல மனசுலதான் சொன்னாங்க. எனக்கு அவங்க முகத்தைப் பாக்க முடியல. கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டேன்.

கூட வேலை செய்யுற ஒரு நண்பர் 'த ஷெக்'ங்கிற நாவலைக் குடுத்தாரு. கனடாக்காரர் வில்லியம் பால் யங் தன்னோட ஆறு புள்ளைங்களுக்காக எழுதுனது, 2007ல புத்தகமா வந்துச்சு. மகளைப் பறிகொடுத்த தகப்பன் ஒருத்தன், அவனைக் கடவுள் ஒரு குடிசைக்கு வரச் சொல்லுறாரு, அங்க பிதா ஒரு கறுப்பினத் தாய் உருவத்துல அடுப்படியில சமைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் ஒரு மரக்கறி லொறியில, பண்டாரவளையில இருந்து கொழும்பு போற வழியெல்லாம், டோர்ச்சைப் புடிச்சுக்கிட்டு வாசிச்சேன். பெலிஹுல்ஓயா தாண்டுறப்போ அழ ஆரம்பிச்சேன். மகன் போயி பதினோரு மாசம், அன்னைக்குத்தான் முதல் தடவை அழுதேன். டிரைவர் அண்ணே ஒண்ணும் கேக்காம லொறியை ஓரத்துல நிப்பாட்டி தேத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு.

அந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டவன். அதைப் பொய்னு யாராவது சொன்னா எனக்கு இன்னும் சுருக்குங்குது. கடவுள் தாய் மாதிரின்னு சொல்லுறது வேதத்துக்கு அந்நியமும் இல்ல, ஏசாயா 66:13ல ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்னு இருக்கு.

ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு உண்மையா பதில் சொல்லணும். நான் அந்தப் புத்தகத்தை வேதம் மாதிரி ரெண்டு வருஷம் வச்சிருந்தேன். பிறகு அதே எழுத்தாளர் 2017ல நாவல் இல்லாம நேரா தன்னோட உபதேசத்தை ஒரு புத்தகமா எழுதுனாரு. அதுல எல்லாரும் இரட்சிக்கப்பட்டாச்சு, அதைத்தான் நான் சொல்லுறேன்னு வெளிப்படையா சொன்னாரு. அப்போ எனக்குப் புரிஞ்சது, நான் அழுதுக்கிட்டு இருந்த நேரத்துல சில உபதேசங்களும் எனக்குத் தெரியாமலே உள்ள வந்திருக்கு. அழுகுறவன் எதையும் நிறுத்துப் பாக்க மாட்டான். அது சரியா பிழையான்னு இன்னைக்கும் நான் யோசிக்கிற காரியம்தான், ஆனா யோசிக்காமலே ஏத்துக்கிட்டேனேங்கிறதுதான் எனக்குக் கவலை.

இன்னொண்ணு. நாவல்ல அந்தத் தகப்பனுக்குக் கடவுள் பக்கம் பக்கமா பதில் சொல்லுவாரு. எனக்கு யாரும் சொல்லல. எனக்குச் சரியா வந்தது 88ஆம் சங்கீதம். அதை எந்தக் கூட்டத்துலயும் வாசிக்கக் கேட்டது இல்ல, நானாத்தான் கண்டுபிடிச்சேன். "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்"னு சொல்லி அப்படியே இருட்டுலயே முடிஞ்சு போயிரும், பதில் இல்ல, கடைசில ஸ்தோத்திரமும் இல்ல. இப்படியும் ஒரு மனுஷன் கடவுள்கிட்ட கதைக்கலாம்னு வேதமே விட்டு வச்சிருக்கே. இப்ப எங்க வீட்டுல ரெண்டும் ஒரே அலுமாரியில இருக்கு. ராத்திரி தூக்கம் வராதப்போ கை எடுக்குறது சங்கீதத்தைத்தான்.


நோர்வூட் சிஸ்டர்:

ஹப்புத்தளை அண்ணே, உங்க மகனை நெனச்சு இன்னைக்கு வீட்டு ஜெபத்துல எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சோம். வேற ஒண்ணும் எழுத வரல.


வசனம் மட்டும்:

அண்ணே, நானும் ஒரு அடக்க வீட்டுல அந்தத் தேவசித்தம் வார்த்தையை சொன்ன ஆள்தான். மன்னிச்சுக்கங்க.

நாவல் விஷயத்துல என் மனசு மாறல, ஆனா ஒண்ணு கேக்கணும். நாவல்ன்னு போட்டு வர்றதாவது பரவாயில்ல. உண்மைச் சாட்சின்னு போட்டு வர்றதுக்கு என்ன செய்றது? அமெரிக்காவுல ஒரு சின்னப் பையன் விபத்துல மாட்டி பரலோகம் போய் வந்தான்னு 2010ல புத்தகம் வந்துச்சு, ரொம்ப வித்துச்சு, 2015 ஜனவரியில அந்தப் பையனே நான் சாகவும் இல்ல பரலோகம் போகவும் இல்ல, கவனிப்பாங்கன்னு சொன்னேன்னு எழுதிட்டான். கம்பெனி புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கிச்சு. அந்த மாதிரி நரகம் பாத்தேன் பரலோகம் பாத்தேன்னு யூடியூப்ல தமிழ்ல எத்தனை ஓடுது, நம்ம சனம் ராத்திரி டேட்டா கார்ட் போட்டு அதைத்தானே பாக்குது.


பழைய டீச்சர் பதுளை:

தம்பி நீங்க இதைச் சொன்னதுக்கு நன்றி, அது நாவலைவிடப் பெரிய ஆபத்து. கதைன்னு தெரிஞ்சா ஒரு ஓரமாவது சந்தேகம் இருக்கும்.

நாமளும் சுத்தம் இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஒவ்வொரு நத்தாருக்கும் ஞாயிறு பாடசாலைப் புள்ளைங்களுக்கு நாடகம் போடுவோம். மூணு பேருக்கு அம்மாமாரோட பட்டுச் சேலையைச் சுத்தி, பிஸ்கட் டின் தகரத்துல கிரீடம் வெட்டி, மூணு ராசா. ஒரு வருஷம் நான் புள்ளைங்ககிட்ட கேட்டேன், மத்தேயு 2ஐ வாசிச்சு எத்தனை பேர்னு கண்டுபிடிங்கன்னு. அரைமணி நேரம் தேடுனாங்க. இல்ல. ராசான்னும் இல்ல, சாஸ்திரிகள்னு இருக்கு, காணிக்கைதான் மூணு வகை. ஒரு பொடியன் அழுகுற மாதிரி ஆகி, அப்போ நான் போட்ட கிரீடம் பொய்யா டீச்சர்ங்குறான். ஏவாள் கடிச்ச அப்பிளும் அப்படித்தான், ஆதியாகமத்துல கனின்னு மட்டும்தான் இருக்கு. பேதுருவைத் தலைகீழா சிலுவையில அறைஞ்சதும் வேதத்துல இல்ல. பழைய கதைகள் வசனத்தோட சேர்ந்து உக்காந்து நாளாச்சு, அதுனால கண்ணுக்குத் தெரியறது இல்ல. புதுக் கதை இப்பத்தான் வந்து உக்காருது, அதுனால தெரியுது.


பொகவந்தலாவ வாசகி:

டீச்சர் சொல்லுறது சரி. எங்க பக்கத்துல வீரமாமுனிவர் 1726ல பாடுன தேம்பாவணியே இருக்குதே, 3615 பாட்டு, சூசையப்பர் சரித்திரம். நற்செய்தில சூசையப்பர் ஒரு வார்த்தை பேசல. காப்பியத்துல உள்ள நெறைய சம்பவம் ஸ்பெயின் தேசத்து மரியா ஆகிர்தாங்கிற கன்னியாஸ்திரியோட தரிசனப் புத்தகத்துல இருந்து வந்தது. நான் தேம்பாவணியை உசிரா நேசிக்கிறேன், ஏ.எல் தமிழுக்கு அதுல இருந்துதான் மேற்கோள் காட்டுவேன். ஆனா எங்க திருச்சபை மறைக்கல்வி நூல்லயே, 67ஆம் எண்ல, தனிப்பட்ட வெளிப்பாடுகள் விசுவாசக் களஞ்சியத்துக்குள்ள சேராது, அந்தந்தக் காலத்துல அதை நல்லா வாழ உதவி செய்யும்னு எழுதியிருக்கு. உதவிங்கிற சொல்லு எனக்குப் புடிச்சிருக்கு.


தலவாக்கலை ஏ.எல் தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம், நான் சின்னப் புள்ள, கேக்கலாமான்னு தெரியல. எனக்கு வாசிக்கிறதுன்னா உயிர். எங்க சபை அலுமாரியில கிறிஸ்தவக் கதைப் புத்தகம் ஒரு முப்பது இருக்கும், எல்லாம் முடிச்சிட்டேன். இப்ப இதை வாசிச்சுட்டு பயமா இருக்கு, எனக்குள்ள எது வசனம் எது கதைன்னு எனக்கே பிரிக்கத் தெரியல. இனிமே வாசிக்கிறதை விட்டுறவா?


பழைய டீச்சர் பதுளை:

விடாதம்மா. வாசிக்கிற புள்ளையை எங்க தேடுறது.

பெரோயா ஊர்க்காரங்க பவுல் சொன்னதையே சும்மா ஏத்துக்கல, "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்த"வங்க, அதுக்காக அவங்களை நற்குணசாலிகள்னு அப்போஸ்தலர் 17:11 சொல்லுது. பவுலுக்கே அந்தச் சோதனைன்னா நாவலுக்கு வேண்டாமா. நான் செய்யுறதைச் சொல்லுறேன். கையில ஒரு பென்சில். கதையில எந்த இடத்துல என் மனசு உருகுதோ, எந்த இடத்துல நெஞ்சு படபடக்குதோ, அந்த இடத்துல ஓரமா ஒரு கோடு. ஏன்னா அந்த இடத்துலதான் நான் காவலை விட்டிருப்பேன், ஹப்புத்தளைத் தம்பி சொன்ன மாதிரி. புத்தகம் முடிஞ்ச பிறகு அந்தக் கோடுகளை மட்டும் எடுத்து வேதத்துல தேடுவேன், முன்னால பின்னால ரெண்டு அதிகாரம் சேர்த்து. சிலது அங்க இருக்கும், அழகாவே இருக்கும். சிலது இருக்காது. இருக்காததை நான் கதையாவே வச்சுக்குவேன், வேறொருத்தருக்கு உபதேசமாச் சொல்ல மாட்டேன். எழுதுனவர் எந்தச் சபை, என்ன விசுவாசம்னும் பாத்துக்க.


நோர்வூட் சிஸ்டர்:

நான் இன்னும் எங்க அண்ணன் விஷயத்துலதான் நிக்கிறேன் டீச்சர், அந்தப் படம் இல்லன்னா அவன் இன்னைக்கு இல்ல. ஆனா நேத்து அவன்கிட்டயே கேட்டேன், அண்ணே அன்னைக்கு படத்துல என்னா பாத்தன்னு. படம் ஞாபகம் இல்லன்னான். விமானம் மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருக்காம். பிறகு சொன்னான், அன்னைக்கு ராத்திரி மழையில மூப்பர் ரெண்டு பேர் அவனை லயத்து வரைக்கும் கைப்பிடிச்சு கூட்டிட்டு வந்தாங்களாம், அதுக்குப் பிறகு மூணு மாசம் தெனம் அந்தி ஆறு மணிக்கு, குடிக்கப் போற நேரத்துக்கு, சரியா வந்து வாசல்ல உக்காந்து ரோமர் நிருபம் வாசிச்சாங்களாம். எனக்கு அது தெரியவே தெரியாது. எங்ககிட்ட சொல்லவே இல்ல.


டிக்கோயா தம்பி:

அக்கா நீங்க எழுதுனதை அம்மாவுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன்.

ஞாயித்துக்கெழமை பெரிய எழுத்து பைபிள் ஒண்ணு ஹட்டன்ல வாங்கிட்டு வந்தேன். அம்மாவை இஸ்தோப்பு வெளிச்சத்துல உக்கார வச்சு 1 தெசலோனிக்கேயர் 4ஐ அவங்களையே எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னேன். ஒரு வசனத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. 13ல இருந்து 18 வரைக்கும், விரலை வச்சுக்கிட்டே. முடிச்சுட்டு "உடுப்பைப் பத்தி ஒண்ணும் இல்லையேடா"ன்னாங்க. இல்லம்மா. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. பிறகு "தேற்றுங்கள்"ங்கிற சொல்லு மேல விரலை வச்சுக்கிட்டு, "அப்பா செத்தப்போ சபை ஐயர் இதைத்தானே வாசிச்சாரு, இது அதேதானா"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா அதேதான்னேன். அதுக்கு பிறகு திரும்ப முதல்ல இருந்து வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க, நான் எந்திரிச்சு தேத்தண்ணி போடப் போயிட்டேன்.

அந்த ஒடியோ எல்லாம் இன்னும் போன்ல இருக்கு. அழிக்கவான்னு கேட்டேன். வேணாம், அந்தக் கதைல அந்தப் பைலட் என்னா ஆனான்னு கேட்டு முடிக்கணும்ங்குறாங்க.


பழைய டீச்சர் பதுளை:

கேக்கட்டும் மகன். கூடவே நீயும் உக்காந்து கேளு.

தலவாக்கலை மகளே, என்கிட்ட மோட்ச பிரயாணம் ரெண்டு பிரதி இருக்கு, ஒண்ணு பாட்டியோடது, அதைத் தர மாட்டேன். மத்ததை தர்றேன். வெள்ளிக்கெழமை எங்க மகன் நானுஓயாவுக்கு ரயில்ல வர்றான், ஸ்டேசன்ல வந்து வாங்கிக்க முடியுமா?


தலவாக்கலை ஏ.எல் தங்கச்சி:

முடியும் டீச்சர், அப்பாவோட வர்றேன். பென்சிலும் எடுத்து வச்சிட்டேன்.